மூன்று மாதம் விழ மட்டுமே சொல்லித்தந்த கிளப்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜூடோ கிளப்பை நடத்திவருகிறேன். காலையில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிற வேலை, மாலை ஐந்தரைக்கு மேல் கிளப். எங்கள் மாஸ்டர் இறந்தபின் பொறுப்பை ஏற்ற முதல் இரண்டு வருடத்தில் என் கையிலிருந்து போன பணம் 2,39,900 ரூபாய். அரை லிட்டர் பாலுக்கும் கணக்குப் பார்த்துப் பழகியவள் என்பதால் ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு பவுன் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. பணம் போனது ஒரு பக்கம். என் பொறுப்பில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் அடிபட்டு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த ஒன்பது நாளும் மனசு விட்டுப் பேச எனக்கு ஆள் இல்லை. இப்போது அக்கம்பக்கத்து ஊர்களில் கராத்தே, ஜூடோ, சிலம்பம் என்று புதிதாகப் பயிற்சி ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆனால் வீட்டில் தமிழ். பள்ளியில் சிலருக்குத் தமிழ் மீடியம், சிலருக்கு மலையாளம். தாலுகா ஆபீசில் மலையாளம். துணி எடுக்கவும் தேங்காய் விற்கவும் பொள்ளாச்சி. வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டிவிட்டால் கோயம்புத்தூர் மாவட்டம். எங்கள் கிளப்புக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். மாஸ்டர் இந்த ஊர்க்காரர், பட்டாளத்தில் ஜூடோ கற்றவர். எண்பதுகளின் கடைசியில் பென்ஷனோடு திரும்பி வந்து, தன் தென்னந்தோப்பு ஓரத்தில் கொப்பரை காயவைக்கிற களத்துக்கு ஓலைக் கூரை போட்டு ஆரம்பித்தார். மேட் வாங்கக் காசு கிடையாது. களத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டி, அடியில் தேங்காய் நாரை ஒரு முழம் கனத்துக்கு மிதித்து மிதித்துப் பரப்பி, மேலே மரத்தூள் கொட்டி, அதன்மேல் லாரித் தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை, மழை விட்டதும், தார்ப்பாயைக் கழற்றி நாரை வெயிலில் உலர்த்துவோம். கட்டி தட்டிப் போனதைக் கையால் பிரித்து மறுபடி நிரப்புவோம். அன்றைக்கு மாஸ்டர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது.

சேர்ந்த முதல் மூன்று மாதம் யாரையும் தூக்கிப்போட விடமாட்டார். விழ மட்டும்தான். ஜப்பானிய மொழியில் அதற்கு உகேமி என்று பெயர். முதலில் மல்லாந்து படுத்துக்கொண்டே கையைத் தரையில் அடிக்க வேண்டும், பிறகு குத்தவைத்து, பிறகு நின்று, பிறகு மண்டியிட்டிருக்கிற இன்னொருவர் முதுகின் மேலே உருண்டு. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கண் தன் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும், விழும்போது மூச்சை அடக்காமல் விட வேண்டும். தாடை தூக்கினால் பின்மண்டை தரையில் மோதும். இரண்டாவது வழக்கம், தூக்கிப்போடுகிறவர் எதிராளியின் சட்டைக் கையை விடவே கூடாது. கடைசி நொடியில் அதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் விழுகிறவரின் உடம்பு திரும்பி முதுகும் கையும் மட்டும் தரையைத் தொடும், தலை தொடாது. யாராவது கையை விட்டுவிட்டால் மாஸ்டர் மொத்த வகுப்பையும் நிறுத்திவிடுவார். "உன் கையில இருக்கறது அவங்க அம்மா பெத்த புள்ளடா" என்பார். அதற்கு மேல் திட்டமாட்டார்.

மூன்றாவது வழக்கம்தான் அந்தக் காலத்தில் பெரிய விஷயம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை தட்டுவார், ஜோடி மாற வேண்டும். யாரோடு பிடிப்பது என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று சட்டம் போல வைத்திருந்த ஊர் இது. டீக்கடையில் தனி கிளாஸ் இருந்ததை என் அப்பா பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கழுத்துப்பட்டியை இன்னொருவன் கொத்தாகப் பிடித்து, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, வேர்வையோடு வேர்வை கலந்து உருள வேண்டும். பிடிப்பதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பேரும் ஒரே அளவு குனிந்து வணங்க வேண்டும். சில வீட்டில் அதற்காகவே பிள்ளைகளை நிறுத்தினார்கள். மாஸ்டர் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை, வழக்கத்தையும் மாற்றவில்லை. பிற்பாடு அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள் வந்தார்கள்.

களைத்துப் போய்த் தார்ப்பாயில் படுத்திருக்கும்போது கதை சொல்வார். ஜிகோரோ கானோ என்கிற இளைஞர், குள்ளமான ஒல்லியான உடம்புக்காரர், பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடிவாங்கி, அதனாலேயே ஜூஜுட்சு என்கிற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்கப் போனவர். 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலின் ஓர் அறையில் பன்னிரண்டு பாய், ஒன்பது மாணவர்களோடு கோடோகன் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பிழைப்புக்கு அவர் ஆசிரியர். பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். பழைய ஜூஜுட்சுவில் ஆளைக் காயப்படுத்துகிற பிடிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, முழு பலத்தோடு மோதினாலும் மறுநாள் இரண்டு பேரும் திரும்பி வரும்படியான ஜூடோவை அவர் உண்டாக்கினார் என்று மாஸ்டர் சொல்வார். கானோவின் இரண்டு வாசகங்கள் களத்துத் தூணில் சாக்பீஸால் எழுதியிருக்கும். ஒன்று செய்ரியோகு சென்யோ, உள்ள சக்தியை நல்லபடியாக முழுதும் பயன்படுத்து. மற்றொன்று ஜிதா கியோயெய், நீயும் நானும் சேர்ந்து செழிப்போம். இந்தியாவுக்கு ஜூடோவை அழைத்துவந்தது தாகூர் என்பதில் மாஸ்டருக்கு அவ்வளவு பெருமை. 1905இல் சானோ ஜின்னோசுகேயும் 1929இல் ஷின்சோ தகாகாகியும் சாந்திநிகேதனுக்கு வந்து கற்றுத்தந்தார்கள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். ஆனால் எங்கள் கிளப்பின் சொந்தக் கதையை நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

மாஸ்டர் போனபிறகு அவர் மகன் களத்தின் சாவியை என்னிடம் கொடுத்தார். சுவரில் பதினேழு போட்டோ, ஒரு அலமாரி நிறையக் கோப்பை. கிளப்பின் வரலாறு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முன்பு நாற்பது பிள்ளைகள் இருந்த இடத்தில் பதினான்கு பேர் மிஞ்சினார்கள். பெற்றோர் கேட்பதெல்லாம் ஒன்றுதான், "எப்பங்க மெடல் வரும், எப்பங்க பெல்ட் மாறும்?" டவுனில் இருக்கிற பயிற்சி மையத்தில் மூன்று மாதத்தில் ஒரு பெல்ட் தருகிறார்களாம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் காலத்தில் கிளப் மூடிவிட்டது என்ற பேர் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் தப்பாகப் போயிற்று. இன்று யோசித்தால், பதினான்கு பிள்ளைகளோடு பேசாமல் ஒரு வருடம் நடத்தியிருக்கலாம். ஒன்பது பேரோடு ஆரம்பித்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்குப் பதினான்கு எப்படிக் குறைவாகத் தோன்றியது என்று தெரியவில்லை.

முதலில் இணைப்பு விவகாரம். ஒருவர் காரில் வந்தார். சர்வதேச அமைப்பு என்று ஒரு பெயர் சொன்னார், பளபளவென்று சான்றிதழ்கள் காட்டினார். கிளப்பை இணைக்க 35,000 ரூபாய், பெல்ட் தேர்வுக்குத் தலைக்கு 1,500. பிள்ளைகளிடம் கேட்க மனம் வராமல் பதினான்கு பேருக்கும் நானே 21,000 கட்டினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மஞ்சள் பெல்ட்காரர்கள் பச்சைக்குப் போனார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தபோது அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் வந்தவரின் போன் நம்பர் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: மாவட்ட ஜூடோ சங்கம், அதன்மேல் மாநிலச் சங்கம், அதன்மேல் ஜூடோ ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா, அதன்மேல் சர்வதேச ஜூடோ சம்மேளனம் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. உங்களிடம் வருகிறவர் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் மாவட்டச் சங்கத்துக்கும் விளையாட்டுக் கவுன்சிலுக்கும் நீங்களே நேரில் போய், இவரைத் தெரியுமா என்று விசாரியுங்கள். ஒரு நாள் பஸ் செலவோடு முடிந்திருக்க வேண்டியது எனக்கு 56,000 ஆயிற்று. எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பள்ளிப் போட்டி என்றால் பிள்ளை படிக்கிற பள்ளி எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். வீடு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம் என்று இருக்கிற பிள்ளைகளுக்குச் சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெல்ட் பற்றிப் பேசும்போது கெய்கோ ஃபுகுடா அம்மையார்தான் எனக்கு நினைவுக்கு வருவார். கானோவின் முதல் ஜூஜுட்சு ஆசிரியருடைய பேத்தி. 1953இல் ஐந்தாம் டான், அதாவது கறுப்பு பெல்ட்டில் ஐந்தாம் படி, வாங்கினார். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்று இருந்ததால் 1972 வரை அங்கேயே நின்றார். பத்தொன்பது வருடம், கற்றுக்கொடுப்பதை நிறுத்தாமல். கடைசியில் தொண்ணூற்றெட்டு வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் தந்தது, 2013இல் காலமானார். பதினாறு வயதில் மாஸ்டர் இந்தக் கதையின் முதல் பாதியைச் சொன்னபோது நான் அழுதிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினான்கு பெல்ட்டை விலைக்கு வாங்கினேன்.

அடுத்தது தரை. தேங்காய் நாரும் தார்ப்பாயும் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, புதுப் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள் என்று நினைத்தேன். நாரை முழுக்க அள்ளித் தென்னைக்குக் குழியில் போட்டுவிட்டு, 28,000 செலவில் சிமெண்டுத் தரை போட்டேன். குறிச்சீட்டை எடுத்து 62,000 ரூபாய்க்கு, ஒன்றோடொன்று பல் கோத்துச் சேர்க்கிற ரப்பர் மேட் அறுபத்து நாலு வாங்கினேன். ஜூடோ மேட் என்றுதான் விற்றார்கள். 25 மில்லிமீட்டர் கனம். பார்க்க அழகாக இருந்தது, சிவப்பும் நீலமுமாக. அது நின்று குத்துகிற உதைக்கிற பயிற்சிக்கு ஆகும், ஆளைத் தூக்கிப்போடுகிற ஆட்டத்துக்கு ஆகாது. இரண்டு மாதத்தில் பல் விலகி இடைவெளி விழுந்தது. கால் கட்டைவிரல் மாட்டும், மேட் நகரும், கீழே சிமெண்டு. போட்டிகளில் போடுகிற டாடாமி ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர், நாலு சென்டிமீட்டர் கனம், உள்ளே கெட்டியாக அழுத்திய ஃபோம், மேலே வழுக்காத வினைல் உறை, அடியில் நகராத பிடிமானம். வாங்கப் போனால் கனத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒரு மேட்டைக் கீழே போட்டு நீங்களே விழுந்து பாருங்கள். முழங்கையால் ஊன்றி அமுக்கினால் கீழே தரை தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், மேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. மரச்சட்டம் அடித்துப் பலகை போட்ட தரை இருந்தால் அதுவே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மாஸ்டர் ஒரு முழம் நாரில் செய்து வைத்திருந்ததும் அதே வேலைதான். அதை நான் தென்னைக்கு உரமாக்கிவிட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்ப ஆசைப்பட்டேன். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு மூன்று மாத உகேமியை மூன்று வாரமாகச் சுருக்கினேன். அதிலொருவன்தான் அந்தப் பையன். சுறுசுறுப்பானவன், எதையும் ஒரு தடவை பார்த்தால் செய்துவிடுவான். ஒரு வியாழக்கிழமை அவனைவிட எட்டுக் கிலோ கூடின பையனோடு பயிற்சிக்கு விட்டேன். அந்தக் கனமான பையன் ஓசோட்டோ-காரி போட்டான், எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி மல்லாத்துகிற பிடி. பாதியில் சட்டைக் கையை விட்டுவிட்டான். இவன் தாடையைத் தூக்கினான். மேட் இடைவெளியில் மண்டை பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டான். பெயர் கேட்டேன், சொன்னான். விரலைக் காட்டினேன், எண்ணினான். தண்ணீர் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தேன். அவன் அம்மா பொள்ளாச்சியில் துணிக்கடையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கூட்டிப் போக வந்தாள். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னங்க்கா ஆச்சு?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "ஒன்னுமில்ல கண்ணு, லேசாத் தலை சுத்துதாம், தூங்கி எந்திரிச்சாச் சரியாயிரும்" என்றேன்.

ராத்திரி பதினொன்றரைக்குப் போன். இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான், எழுப்பினால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறான் என்றாள். பக்கத்து வீட்டு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனோம். அந்தச் சாலையில் எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். ஸ்கேனில் மண்டைக்குள் லேசான ரத்தக்கசிவு. ஆபரேஷன் தேவைப்படவில்லை, கசிவு தானாக நின்றது. ஒன்பது நாள் கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். பில் 86,400. கிளப்புக்குக் காப்பீடு எதுவும் இல்லை. சங்கிலி அடகுக்குப் போனது அப்போதுதான்.

பயிற்சி கொடுக்கிறவர்களும் பெற்றோரும் இந்த ஒரு பத்தியையாவது நிதானமாகப் படியுங்கள். ஜப்பானில் பள்ளி ஜூடோவில் 1983க்குப் பிறகான முப்பது வருடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்காயம், பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள். அதிலும் ஓசோட்டோ-காரியில் பின்பக்கமாக விழுந்தவர்கள் அதிகம். ஜூடோ பிறந்த நாட்டில், முறையான மேட்டில் நடந்தது இது. தலை தரையில் மோதாவிட்டாலும், வேகமாகக் குலுங்கித் திரும்பினாலே மூளையிலிருந்து மண்டையோட்டுப் பக்கம் போகிற மெல்லிய ரத்தக்குழாய் கிழியலாம். அதனால் மேலே வீக்கம் இல்லை, பெயர் சரியாகச் சொல்கிறான் என்பதெல்லாம் சமாதானமாகாது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி முடிந்தது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வீட்டுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, சொன்னதையே சொல்வது, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அது எங்கே இருக்கிறது, ராத்திரியில் எந்த வண்டி கிடைக்கும் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மறுபடி பயிற்சிக்கு எப்போது வரலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் காயம் ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஓசோட்டோ-காரி போடவே கூடாது என்பது இப்போது எங்கள் கிளப்பின் விதி.

கிளப்பை மூடிவிட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒருநாள் மாஸ்டரின் முதல் வருட மாணவர் ஒருவர், இப்போது அறுபதை நெருங்குகிறவர், லாரி ஓட்டுகிற அண்ணன், விஷயம் கேள்விப்பட்டுச் சொசைட்டிக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினார். காறையெலும்பு ஒரு இடத்தில் மேடு தட்டியிருந்தது. "அம்மிணி, இது கெளப்பு ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம். அப்ப விழுகறதுக்கு ஒரு வாரந்தான் சொல்லிக் குடுத்தாரு. வெறும் களத்து மேல சணல் சாக்கு போட்டு ஆடுனோம். நான் ஒடஞ்சு போயி ரெண்டு மாசம் மாஸ்டர் கெளப்பையே மூடிட்டாரு. அதுக்கு அப்புறந்தான் நாரு போட்டது, மூணு மாசம் விழ வெச்சது, சட்டையை விடக்கூடாதுன்னது எல்லாம்" என்றார். நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நார், மூன்று மாதம், சட்டைக் கை மூன்றுமே ஒரு காயத்திலிருந்து வந்தவை. எனக்கு யாரும் சொல்லாததால் ஒன்றை அசிங்கம் என்றும் ஒன்றைத் தாமதம் என்றும் நினைத்துக் கழற்றி எறிந்தேன். பதினேழு போட்டோவில் ஒன்றில்கூட அந்த உடைந்த தோள் இல்லை.

அதன்பிறகு ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மாணவர்களைத் தேடிப் போனேன். மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், ஆனைமலை, திருப்பூர் வரைக்கும். மெடலைப் பற்றிக் கேட்கவில்லை. யாருக்கு எப்போது அடிபட்டது, எந்த வழக்கம் எப்போது வந்தது, எந்த வீட்டுக்காரர் எதற்காகப் பிள்ளையை நிறுத்தினார் என்று கேட்டேன். ஜோடி மாற்றுகிற வழக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. ஒரு பையனோடு மட்டும் யாரும் பிடிக்காமல் ஒரு வாரம் ஓரமாக நின்றிருக்கிறான். மாஸ்டர் அதைக் கவனித்துவிட்டார். அந்தப் பையன் இப்போது ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறார், எங்கள் கணக்கை இலவசமாகப் பார்த்துத் தருகிறார். உங்கள் ஊரில் எந்தக் கிளப்பையாவது ஏற்று நடத்தப் போகிறீர்கள் என்றால் இந்த வேலையை முதலில் செய்யுங்கள். பழைய ஆள்கள் இருக்கும்போதே ஒவ்வொரு விதிக்கும் ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விதியை மாற்றுவது அதற்கு அப்புறம்.

கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்கிற விஷயத்தில் 7,500 ரூபாயும் நாலு மாதமும் போயிற்று. பொள்ளாச்சியில் ஒரு டைப்பிஸ்டிடம் தமிழ்நாட்டின் 1975ஆம் வருடச் சட்டத்தின்படி விதிமுறைகள் அடித்து வாங்கி, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லாது. சரி, பாலக்காட்டுச் சங்கம் ஒன்றின் நகலை வாங்கி மாற்றி எழுதினேன். அதுவும் செல்லாது. பாலக்காடு பழைய மலபார், மதராஸ் மாகாணத்தில் இருந்த பகுதி, அங்கே 1860ஆம் வருடச் சட்டம். சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தின் துண்டு நிலம். அதனால் எங்களுக்கு 1955ஆம் வருடத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். ராஜ்யம் போய் எத்தனையோ வருடம் ஆகியும் கோட்டின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். எல்லை ஊர்களில் சங்கம் பதிகிறவர்கள் எந்தச் சட்டம் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதற்கப்புறம் டைப் அடிக்கக் கொடுங்கள். குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். அந்த ஏழில் இரண்டு பேராவது பிள்ளைகளின் அம்மாக்களாக இருக்கட்டும், செலவுக் கணக்கைக் கேள்வி கேட்க அவர்கள் கூச்சப்படுவதில்லை.

இப்போது மறுபடி நார் போட்டுவிட்டோம். பழைய மாணவர்கள் இருபது பேர் வந்து இரண்டு நாளில் முடித்தார்கள். சிமெண்டுத் தரைமேல் ஒரு முழம் நார், மரத்தூள், புதுத் தார்ப்பாய். டாடாமிக்குப் பணம் சேர்கிறது, சேரும்போது அதை இதன்மேல் போடுவோம். மூன்று மாதம் உகேமி என்று சேர்க்கும் படிவத்திலேயே எழுதியிருக்கிறேன், காரணத்தோடு. வருடச் சந்தாவோடு குழு விபத்துக் காப்பீட்டுத் தொகையும் வாங்குகிறேன். பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களைப் போட்டிக்கு அனுப்புவதில்லை. ஜப்பானிலேயே 2022இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியை நிறுத்திவிட்டார்கள், ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறி பெரியவர்களுக்கு ஏறிவிட்டது என்று. இதைச் சொன்னால் சில பெற்றோர் கிளம்பிப் போய்விடுகிறார்கள். இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

வாசல் தூணில் ஒரு நோட்டு தொங்குகிறது. விபத்து நோட்டு. முதல் பதிவு லாரி அண்ணனுடைய தோள், அவர் சொல்லச் சொல்ல எழுதியது. இரண்டாவது பதிவு அந்தப் பையனுடையது. டாக்டர் அனுமதித்தபின் இப்போது அவன் சனிக்கிழமைகளில் வந்து உகேமி மட்டும் செய்கிறான். அவன் அம்மாவிடம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தாள். நேரம் ஆறரை என்று எழுதியிருந்தேன். "ஆறே முக்காலுங்க்கா, நான் பஸ் எறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்" என்றாள், திருத்தினேன். அப்புறம் ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘தாயாருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். "ஒன்னுமில்லன்னு சொன்னீங்க. அதையும் எழுதுங்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.